கேட்கிற றேடியோ

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் ஹைம் என்கிற அகதி விடுதியில் இருந்த தமிழர் எல்லாருக்கும் ஆளுக்கொரு பட்டப்பேர் இருந்தது. வைத்தது விஜயரத்தினம் அண்ணை. அவரைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, சும்மா இரு என்று சட்டம் போட்டு ஒரு மனிசனைக் கட்டிலில் இருத்திவைத்தால் அவர் வேறு என்னத்தைச் செய்வார்? பேர் வைத்தார். சந்திரகாந்திக்கு அவர் வைத்த பேர் குப்பைகாந்தி.

முகத்துக்கு நேரே ஒருத்தரும் சொல்லவில்லை. பொதுக் குசினியில் ஒருநாள் அவள் கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே சொல்லிச் சிரித்தார்கள். அவள் உள்ளே போய் பருப்பை அடுப்பில் வைத்தாள். பிறகு பக்கத்து அறை லூர்தம்மா அக்காவிடம், "குப்பை எண்டு சொல்லுறவைக்குக் குப்பையும் தெரியாது, றேடியோவும் தெரியாது," என்று மட்டும் சொன்னாள். வாய் அப்படிச் சொன்னது. நெஞ்சுக்குள் அது முள்ளாகக் குத்திக்கொண்டுதான் கிடந்தது, அதை ஏன் மறைப்பான்.

அந்தப் பேர் வந்தது ஸ்பெர்முல்லால். வருசத்தில் இரண்டு தரம் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு ஜெர்மன்காரர் தங்களுக்கு வேண்டாத பெரிய சாமான் எல்லாவற்றையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து அடுக்குவார்கள். நகரசபை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அதை ஆரும் எடுக்கலாம். சோபா, அலுமாரி, காலுடைந்த கதிரை, முப்பது வருசத்துக்கு முந்தி ஆசைப்பட்டு வாங்கி இப்போது பார்க்கவே பிடிக்காமல் போன மேசை. எங்கட ஆட்களும் எடுத்தார்கள்தான். ஆனால் எப்படி எடுத்தார்கள்? பொழுதுபட்ட பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு மெத்தை, ஒரு மேசை, ஓட்டமாய் ஓடி வந்துவிடுவார்கள். சந்திரகாந்தி மட்டும் பட்டப்பகலில் போனாள். கைப்பைக்குள் ஆணி கழற்றுகிற திருப்புளி வைத்திருந்தாள். ஒவ்வொரு குவியலுக்கு முன்னாலும் குந்தியிருந்து, பின்பக்க மட்டையைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, வேண்டியதை எடுத்து, மட்டையைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் எழும்புவாள்.

புருசன் இராசலிங்கம் தெருவின் மற்றப் பக்கத்தில் நடப்பார். யாழ்ப்பாணம் அரசாங்கக் கச்சேரியில் பதினொரு வருசம் கிளாக்காக இருந்த மனிசன். மடிப்புக் குலையாத சேட்டோடு, யாரோ முன்பின் தெரியாத பெண்பிள்ளை குந்தியிருக்கிறாள் என்ற பாவனையில், மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இஞ்சாரும், ஆக்கள் பாக்கினம்," என்பார் வீட்டுக்கு வரும் வழியில்.

"பாக்கட்டும். நான் களவெடுக்கேல்லையே."

அவள் களவெடுக்கவுமில்லை, பொறுக்கவுமில்லை. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு றேடியோ திருத்தும் கடையில் எட்டு வருசம் வேலை செய்தவள் அவள். வால்வு றேடியோ வந்தால் முதலாளி மற்ற இரண்டு ஆம்பிளைகளையும் தாண்டி அவளுடைய மேசையில்தான் கொண்டுவந்து வைப்பார். அவள் கை நடுங்காது, அதுதான் காரணம். எண்பத்தி மூன்றில் கடை எரிந்தது. எண்பத்தைந்தில் அவளும் புருசனும் இங்கே வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கைக்கு வெங்காயம் வெட்டுகிறதைத் தவிர வேறு வேலை கிடைக்கவில்லை.

எண்பத்தாறு இலையுதிர் காலத்து ஸ்பெர்முல்லில்தான் அந்த றேடியோ அகப்பட்டது. பெட்டி முழுக்க மினுங்குகிற மரம். முன்னுக்குப் பல்லு வரிசையாகத் தந்த நிறக் கட்டைகள். நடுவில் நீளமான கண்ணாடித் தட்டு, அதில் ஊர்ப் பேர்கள்: கேல்ன், ஹம்புர்க், பெர்லின், பாரிஸ், ரோம், இன்னும் எத்தனையோ. அந்தக் காலத்தில் குமிழைத் திருக ஒரு முள் ஊர் ஊராக நகர்ந்து போகும். மேலே ஒரு மூலையில் சின்னக் கண் ஒன்று. நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண்ணுக்குள் பச்சை வெளிச்சம் விசிறி மாதிரி விரியும், சுருங்கும். வாசலில் நின்ற வீட்டுக்காரக் கிழவி "கபுட், கபுட்" என்று, பழுதாய்ப் போச்சு என்ற மாதிரிக் கையை விரித்தாள். கபுட்டோ இல்லையோ என்று தீர்மானிக்கிறது நானல்லோ என்று சந்திரகாந்தி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

குளிர்காலம் முழுக்க ஹைமின் சைக்கிள் அறையில் இருந்து அதைச் செய்தாள். என்னத்தைச் செய்தாள் என்று சரியாகச் சொல்லவேணும், ஏனென்றால் கதையே அதில்தான் கிடக்கிறது. றேடியோவைத் திருத்தவில்லை. திருத்தினால் அது ஜெர்மனில் பேசும், அவ்வளவுதானே. அவள் அதன் வாயை அடைத்தாள். ஒலிபெருக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, வீசிக் கிடந்த ஒரு பழைய தொலைபேசியின் பேசுகிற முனையை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினாள். கண்ணாடித் தட்டில் ஒவ்வொரு ஊர்ப் பேருக்குப் பின்னாலும் ஒரு குட்டி பல்ப். குமிழைத் திருகினால் முள்ளுக்குப் பதிலாக வெளிச்சம் ஊர் ஊராகப் போகும். மேலே, செம்மஞ்சள் தோடம்பழ நிறத்திலும் பச்சையிலும் இருந்த பழைய பிளாஸ்டிக் கோப்பைகளை வெட்டி வளைத்து ஒரு குடை. ஊர் மாற மாறக் குடையின் நிறமும் மாறும். அடியில் ஒரு பழைய குட்டி மேசையின் சரிந்த மூன்று கால்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் கதைத்தால் அந்தப் பச்சைக் கண் உங்கள் குரலுக்கு ஏற்றபடி சுருங்கும். மெல்லக் கதைத்தால் கொஞ்சம், பலமாய்க் கதைத்தால் முழுக்க. பேச்சை நிறுத்தினால் திரும்ப விரிந்து, அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும்.

பேசாத றேடியோ. கேட்கிற றேடியோ. விளக்கென்றும் சொல்லலாம்.

புதன்கிழமைகளில் ஹைமுக்கு வந்து ஜெர்மன் படிப்பிக்கிறவர் ஃபிரவ் பிரிங்க்மன். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் எந்த நாளும் ஒரு சிவப்புத் துணி. சைக்கிள் அறைக்குள் இதைக் கண்டுவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு "ஹலோ" என்றார். கண் சுருங்கியது. அந்த மனிசி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் அதோடு கதைத்துக்கொண்டு இருந்தார். என்ன கதைத்தார் என்று லூர்தம்மா அக்காவுக்குக்கூட முழுக்க விளங்கவில்லை. அக்கா கன்னியாஸ்திரிமாரிடம் ஜெர்மன் படித்தவ, ஹைமில் அவவை விட்டால் மொழிபெயர்க்க ஆளில்லை.

போகும்போது ஃபிரவ் பிரிங்க்மன் விசயத்தைச் சொன்னார். மே மாதம் பழைய நூல் ஆலையில் ஒரு கண்காட்சி. வீசின சாமானில் இருந்து புதிதாக ஆக்கின பொருட்கள், முப்பது பேருடையது. நடுவர் மூன்று பேர் வந்து ஒன்றே ஒன்றைத் தெரிவுசெய்வார்கள். அது செய்தவரின் பேரோடு கேல்னுக்கும் ஹம்புர்க்குக்கும் பெர்லினுக்கும் போகும், பெரிய மண்டபங்களில் நிற்கும்.

"பேரோடயோ?" என்று சந்திரகாந்தி கேட்டாள்.

"ஓமாம், பேரோடதானாம்," என்றா லூர்தம்மா அக்கா.

எல்லாரும் போன பிறகு சந்திரகாந்தி குமிழைத் திருகினாள். கேல்ன் எரிந்தது. ஹம்புர்க் எரிந்தது. பெர்லின் எரிந்தது. மூன்றுக்கும் அவளால் போக ஏலாது. அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதி, டெர்மின் என்று சந்திக்கிறதுக்கு நாள் எடுத்து, சாவீடோ கலியாணமோ என்று காரணம் காட்டினால்தான் பக்கத்து மாவட்டத்துக்கே விடுவார்கள். நான் போகாட்டிலும் பரவாயில்லை, இது போகவேணும் என்று அவள் அன்றைக்கே முடிவெடுத்தாள். குப்பைகாந்தி என்றில்லாமல் சந்திரகாந்தி என்று எழுதிக்கொண்டு போகவேணும். அந்த ஆசை வந்த நாள் தொட்டு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கண்காட்சி நாள் ஹைமில் இருந்த தமிழர் எல்லாரும் வெளிக்கிட்டார்கள். பஸ்ஸில் போய் இறங்குகிற தூரம்தான், எல்லைக்கு உள்ளே. சீலை, வேட்டி, கடன் வாங்கின கோட்டு. நூல் ஆலையின் உள்ளே போய்ப் பார்த்த விஜயரத்தினம் அண்ணைக்கு வாய் மூடவில்லை. கழுத்துப் பட்டிகளால் பின்னின கதிரை ஒன்று. சக்கரத்துக்குப் பதிலாகப் பாட்டுத் தட்டுகள் பூட்டின சைக்கிள் ஒன்று. பல்தூரிகையால் மயிர் வைத்த சோபா ஒன்று.

"பிள்ளை, உதிலை இருந்தால் குத்தாதோ?"

"இருக்கிறதுக்கில்லை அண்ணை, பாக்கிறதுக்கு."

"பாத்தாலும் குத்துதே."

அவர் பகிடி விட்டாலும் சந்திரகாந்தி அந்தச் சோபாவைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள். செய்தவன் ஒவ்வொரு தூரிகையையும் ஒரே சரிவில் ஒட்டியிருந்தான். கை நடுங்காத ஆள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். அவளுடையது கடைசி அறையில், தனியாக. பதினாலாம் இலக்கம். இருட்டறை வேணும் என்று அவளே கேட்டு வாங்கினது. பிளக்கைக் குத்தி, கண் விரிகிறதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் லூர்தம்மா அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றா. "காந்தி, இதென்ன திறப்பு விழா? வாசல் மொட்டையாக் கிடக்கு. வாற ஆக்களை ஆர் வாங்கோ எண்டு கூப்பிடுறது?"

அக்கா மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவ. ஆனாலும் யாழ்ப்பாணத்து ஆளுக்கு, எந்தச் சமயமென்றாலும், ஒரு விழாவின் வாசலில் நிறைகுடம் இல்லாவிட்டால் கை கால் ஓடாது. சந்திரகாந்திக்கும் அது சரியென்றுதான் பட்டது. கால் மணித்தியாலத்தில் வைத்துவிட்டாள். முற்றத்தில் மிச்சமாய்க் கிடந்த ஒரு மேசை, வளைந்து வளைந்து சிறுநீரக வடிவத்தில் இருந்தது. அதில் அக்காவின் வெள்ளைத் துணி. குடத்துக்கு ஒரு பழைய எனாமல் காப்பிப் பானை, நீலப் பூப் போட்டது. மாவிலைக்கு மதிலோரச் செடியில் இருந்து ஐந்து இலை, அது அசல் மாவிலை மாதிரியே நீட்டாய், தடிப்பாய் இருக்கும். தேங்காய்க்குத்தான் இடிபட்டார்கள். கடைசியில் உடைந்த படிக்கட்டுக் கைபிடியின் உருண்டை மரக் குமிழ் ஒன்று அகப்பட்டது. காப்பிப் பானையின் வாயில் அளவெடுத்த மாதிரி இருந்தது. திருநீறு பூசி, பொட்டு வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி கொளுத்தி விட்டாள்.

"முடிஞ்சுது. இனி ஆக்கள் வரட்டும்," என்றா அக்கா.

ஆட்கள் வந்தார்கள். நடுவர்களும் வந்தார்கள். தலைவர் ஹெர் லோமன், தடித்த கறுப்புச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி, கையில் தட்டச்சு அடித்த பட்டியல். அவர்கள் அறை அறையாகப் போக, சந்திரகாந்தி நடுக்கூடத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் இராசலிங்கம் தன்னுடைய வேலையைக் காட்டினார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, அதையும் சொல்லவேணும். ஹைமின் காவலாளி ஒரு பொல்லாதவன். ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் எல்லாருக்கும் முன்னால் வைத்து ஏசுவான். இரண்டு வருசமாக ஏச்சு வாங்கி வாங்கி, வெறும் அறையில் லைற்றைக் கண்டால் இராசலிங்கத்தின் கை தானாகப் போய்விடும். மனைவியின் பொருள் சரியாக நிற்கிறதோ என்று கடைசி அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஆளில்லை. லைற் எரிகிறது. வீணாய் எரியுதே, இந்த மனிசருக்குக் கரண்டில் அக்கறையில்லையே என்று நினைத்து, பிளக்கைப் பக்குவமாக இழுத்து, வயரைச் சுருட்டி வைத்துவிட்டுத் திருப்தியோடு வெளியே வந்தார்.

அவர் ஒரு கதவால் வெளியே வர, நடுவர்கள் மற்றக் கதவால் உள்ளே போனார்கள். மரப்பெட்டி ஒன்றைப் பார்த்தார்கள். "அழகான பழைய றேடியோ," என்று ஒருத்தர் சொல்ல, மற்றவர் பட்டியலில் ஒரு கோடு போட்டார். அவர்கள் திரும்புகிற நேரம் சந்திரகாந்தி எட்டிப் பார்க்கும்போது அறை இருட்டு. ஓடிப்போய் பிளக்கைக் குத்தினாள். ஆனால் வால்வு என்றால் வால்வுதானே, சூடேற அரை நிமிசம் வேணும். கண் முழிக்கும்போது அறையில் அவள் மட்டும்தான் நின்றாள்.

கூட்டம் கூடியது. ஹெர் லோமன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். நீளமாகப் பேசினார். லூர்தம்மா அக்காவின் புருவம் மெல்ல மெல்ல மேலே போனது.

"என்னவாம் அக்கா?"

"பொறு. இலக்கம் போடாத ஒண்டாம். வாசல்லை நிக்குதாம். ஒரு காப்பிப் பானை, ஒரு குமிழ், அஞ்சு இலை. அதுக்குள்ள வீடிழந்த ஆக்களின்ர முழு வாழ்க்கையும் இருக்காம். அவர் அதுக்குப் பேரும் வைச்சிட்டார், 'வீடில்லாதவரின் வாசல்' எண்டு." அக்கா அவள் கையைப் பிடித்தா. "காந்தி, உன்ர நிறைகுடத்துக்கு முதலாமிடமாம்."

தமிழர் பக்கத்தில் கைதட்டு வெடித்தது. "எங்கட நிறைகுடம் பெர்லினுக்குப் போகுது," என்று விஜயரத்தினம் அண்ணை பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஜெர்மன்காரனைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. இரண்டு வருசத்தில் இந்த ஊரில் எங்கட பக்கத்துக்கு ஒருத்தரும் கைதட்டினதில்லை. ஆருக்குத்தான் மனம் உருகாது?

சந்திரகாந்திக்கு உருகவில்லை. பத்திக்கொண்டு வந்தது. எட்டு வருசம் கடையில் பழகின கை. ஒரு குளிர்காலம் முழுக்க விறைத்த விரலோடு இருந்து செய்த வேலை. அதைத் தாண்டிப் போய், ஊரில் ஏழு வயதுப் பெட்டைகூட வைக்கிற நிறைகுடத்துக்கு முன்னால் இந்தக் கண்ணாடிக்காரர் நின்று உருகுகிறார். பேர் போகும்தான். எதன்மேல் எழுதிக்கொண்டு போகும்? ஒரு காப்பிப் பானையில்.

"பேசாமல் வாங்கும்," என்று இராசலிங்கம் காதுக்குள் சொன்னார். "பேர் வருதுதானே. எதாலை வந்தால் என்ன?"

"எதாலை வந்தால் எண்டோ?" அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நேரே நடந்துபோய் ஹெர் லோமனுக்கு முன்னால் நின்றாள். "அக்கா, நான் சொல்லுறதை ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ. சீனி போடாமல் சொல்லுங்கோ."

அக்கா சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றா.

"உது நான் செய்த வேலையில்லை. உது எங்கட சனம் எல்லாரின்ர முறை. உங்களை வாங்கோ எண்டு கூப்பிட வைச்சது. நீங்கள் வந்திட்டியள், அதின்ர வேலை முடிஞ்சுது. 'வாங்கோ' எண்ட சொல்லுக்கு ஆராவது பரிசு குடுக்கிறதோ?"

அக்கா சொன்னா. ஹெர் லோமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ர வேலை பதினாலாம் இலக்கம். நீங்கள் அதைப் பாக்கேல்லை."

பார்த்தோம், அழகான றேடியோ என்றார் அவர்.

"நீங்கள் பாத்தது நித்திரையிலை கிடந்த பெட்டியை. ஆரோ பிளக்கை இழுத்துவிட்டிருக்கினம்."

"நான்தான்," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. இராசலிங்கம். முகம் வெளிறிப் போயிருந்தது. "ஆளில்லாத அறையிலை எரிஞ்சுது. நான்தான் நிப்பாட்டினனான்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும். ஹெர் லோமன் பட்டியலைக் காட்டி, முடிவு எழுதியாகிவிட்டது, கையெழுத்தும் வைத்தாகிவிட்டது என்றார். அந்த நாட்டில் எழுதினது எழுதினதுதான், அவளுக்கும் அது நல்லாய்த் தெரியும்.

அதனால் அவள் வாசலுக்குப் போனாள். மெழுகுதிரி இரண்டையும் கையால் வீசி அணைத்தாள். மரக் குமிழைத் தூக்கி வைத்தாள். இலைகளை எடுத்தாள். காப்பிப் பானையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், எந்தச் செடியில் இலை பறித்தாளோ அதன் அடியிலேயே தண்ணீரை ஊற்றினாள். விழா முடிந்தால் கும்பத்தை அப்படித்தான் கலைக்கவேணும், அதுவும் முறைதான். திரும்பி வந்து வெறும் பானையை மேசையில் வைத்தாள். துணியை மடித்து லூர்தம்மா அக்காவிடம் கொடுத்தாள்.

முதலாமிடம் பெற்ற பொருள் இப்போது உலகத்தில் இல்லை. ஹெர் லோமன் பட்டியலைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஃபிரவ் பிரிங்க்மன் பின்னால் நின்று சிவப்புத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இப்ப வாங்கோ," என்றாள் சந்திரகாந்தி. அக்கா மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர்கள் வந்தார்கள், கூட்டம் முழுக்கப் பின்னால் வந்தது.

கடைசி அறையில் அவளுக்கு முன்னாலேயே இராசலிங்கம் போய் நின்றார். எல்லாரும் பார்க்க அது கண் முழிக்கட்டும் என்று தானே அதை நிறுத்தி, பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம் மனிசன். அவள் தலையாட்ட, குனிந்து குத்தினார்.

"அரை நிமிசம்," என்றாள் அவள்.

அரை நிமிசம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. நாற்பது பேர் இருட்டில் மூச்சுக்காட்டாமல் நின்றார்கள். முதலில் குடை மங்கலாய்ச் சிவந்தது. பிறகு மூலையில் அந்தக் கண் மெல்லப் பச்சையாகி, விரிந்து, முழித்தது.

ஆரோ இருமினார்கள். கண் வெடுக்கென்று சுருங்கியது. ஒரு பெண் "ஓ" என்றாள். அதற்கும் சுருங்கியது. சிரிப்பு எழும்ப, கண் முழுக்க மூடியது. சிரிப்பு அடங்கியதும் திரும்ப விரிந்து காத்துக்கொண்டு நின்றது. ஹெர் லோமன் குனிந்து, முகத்தைக் கிட்ட வைத்து, தன்னுடைய பேரைச் சொன்னார். அது அவருக்கும் சுருங்கிக் காட்டியது. குமிழைத் திருகலாமோ என்று கையால் கேட்டார். திருகினார். கேல்ன் எரிந்து குடை தோடம்பழ நிறமானது. ஹம்புர்க் எரிந்து பச்சையானது. சின்னப் பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பத் திருகினார்.

"இதிலிருந்து சத்தம் எப்போது வரும்?" என்று கேட்டார்.

"வராது. இது பேசுறதுக்கில்லை, கேக்கிறதுக்கு."

"ஏன்?"

அவளுக்கு அதுவரை கோபம்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லோடு அது இறங்கிப் போனது. "இஞ்ச வந்து ரெண்டு வருசம். எல்லாரும் எங்களுக்குச் சொல்லினம். இதைச் செய், உதைச் செய்யாதை, அங்கை நில். சொல்ல நிறையப் பேர் இருக்கினம். கேக்கத்தான் ஒருத்தரும் இல்லை. அதாலை, கேக்கிற சாமான் ஒண்டை நானே செய்தனான்." அவள் தமிழில் சொல்லச் சொல்லப் பச்சைக் கண் சொல்லுக்குச் சொல் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அக்கா மொழிபெயர்க்கத் தொடங்க முந்தியே ஜெர்மன்காரர் எல்லாரும் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இதிலை இருக்கிற ஒவ்வொரு ஆணியும் உங்கட வாசல்லை கிடந்ததுதான். சாமான் முழுக்க உங்கட. மூளை என்ர."

அதை அக்கா சீனி போடாமலே சொன்னா.

நடுவர் மூன்று பேரும் மூலைக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். பட்டியலைத் திரும்பத் தட்டச்சு அடிக்கவேணும் என்று ஒருத்தர் முனகினார். "அடியுங்கள், ஆலை அலுவலகத்தில் மெசின் இருக்கிறது," என்றார் ஃபிரவ் பிரிங்க்மன். ஹெர் லோமன் வந்து சந்திரகாந்திக்குக் கை கொடுத்தார். தான் பிழைவிட்டதை அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். அதற்கு ஒரு நெஞ்சு வேணும், அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேணும். பேரை எப்படி எழுதுகிறது என்று கேட்டார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதி முடித்து அவளிடமே காட்டிச் சரி பார்த்தார்.

விஜயரத்தினம் அண்ணை பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றார். "பிள்ளை, நான் உனக்கு ஒரு பேர் வைச்சனான்," என்றார். கண் சுருங்கியது.

"தெரியும் அண்ணை."

"அதை நான் திருப்பி எடுக்கிறன்."

"எடுக்கவேண்டாம். எது எடுக்கிறது, எது விடுகிறது எண்டு தெரிஞ்சவளுக்குத்தான் குப்பை பொன். வைச்சிருங்கோ." அவள் சிரித்தாள். இரண்டு வருசத்தில் ஹைம் ஆட்கள் அந்தச் சிரிப்பைக் கண்டதில்லை.

யூன் மாதம் பெட்டி கேல்னுக்குப் போனது. போன கிழமையே இராசலிங்கம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு டெர்மின் எடுத்தார். அதுவரை அவருக்குத் தெரிந்த ஜெர்மன் மொத்தம் மூன்று வசனம்: எங்களுக்கு டெர்மின் இருக்கு, கடிதம் இன்னும் வரேல்லை, நன்றி. இப்போது குளியலறையில் நாலாவது ஒன்றைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால் சொல்லமாட்டார்.

மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி கேட்கும் அன்ட்ராக்கில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கட ஆட்கள் அதில் எழுதுகிறது சாவீடு, கலியாணம், ஆஸ்பத்திரி. இராசலிங்கம் தன்னுடைய கச்சேரிக் கையெழுத்தில், லூர்தம்மா அக்கா சொல்லச் சொல்ல, அழகாக எழுதினார்: கேல்னில் கண்காட்சியில் நிற்கும் விளக்கைப் பார்ப்பதற்கு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் அதை இரண்டு தரம் வாசித்தார். தலையைத் தூக்கி, முன்னால் மடிப்புக் குலையாத சேட்டோடு நின்ற மனிசனைப் பார்த்து, அதைச் செய்த கலைஞர் நீங்களோ என்று கேட்டார்.

இராசலிங்கம் ஒரு பக்கமாக விலகி, மனைவியை முன்னால் விட்டார்.

"நைன்," என்றார். "தாஸ் ஹாட் மைன ஃபிரவ் கெமாக்ட்." இல்லை, இதை என்ர மனிசி செய்தவ. அலுவலகம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். அதுவும் போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னொரு தரமும் சொன்னார்.

அலுவலர் முத்திரையை எடுத்துக் குத்தினார்.